மகாராஜாவின் ஆயிரம் ஜிபி

முன்னொரு காலத்தில், உக்கிரசேன மகாராஜாவின் புகழை அடக்க மூவுலகிலும் இடம் போதாது என்று பெரியோர்கள் சொல்லிவந்தார்கள். அப்பெரியோர்கள் எல்லாரும் அரண்மனையில் சாப்பிடுகிறவர்கள்.

அந்த அரண்மனையில் ஒரு கணினி இருந்தது. முன்னொரு காலத்தில் கணினி ஏது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

தம் வீரச்செயல்களைச் சேமிக்க ஆயிரம் ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வேண்டும் என்று மகாராஜாவுக்கு ஒருநாள் ஆசை வந்தது. விகடகவி ஆவுடையான் கடைக்குப் போய் வாங்கி வந்தான். அட்டைப்பெட்டியில் ஆயிரம் ஜிபி என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. கணினியில் மாட்டினார்கள். காலி இடம் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று ஜிபி என்று திரையில் வந்தது.

ஆவுடையானை ஒழிக்க ஆறு வருடமாகக் காத்திருந்த களஞ்சிய அதிகாரி மாசிலாமணியார் தொண்டையைக் கனைத்தார்.

"பிரபு, அறுபத்தொன்பது ஜிபி குறைகிறது. கடையிலிருந்து இதைத் தூக்கி வந்தது ஒரே ஆள். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை."

"மடியில் கட்டிக்கொண்டு வந்தேன் என்கிறீர்களா, ஐயா?" என்று ஆவுடையான் வேட்டி மடிப்பை உதறிக் காட்டினான்.

மகாராஜா சிரிக்கவில்லை. "எமது புகழுக்கான இடத்தைத் திருடியிருக்கிறாய். நாளை உச்சிவேளைக்குள் அறுபத்தொன்பதையும் கொண்டுவந்து வை. இல்லையேல் உன் தலை இருக்காது."

ஆவுடையான் கடைக்கு ஓடினான்.

"நாங்க ஆயிரத்தை ஆயிரமாத்தான் எண்ணுறோம், சாமி," என்றார் கடைக்காரர். "கணினி ஆயிரத்து இருபத்துநாலு சேர்ந்தாத்தான் அடுத்த படிக்கு ஏத்தும். மூணு படி ஏறி ஜிபிக்கு வர்றதுக்குள்ள நூத்துக்கு ஏழு குறைஞ்ச மாதிரி தெரியும். இடம் அப்படியேதான் இருக்கு."

இதைச் சபையில் தான் சொன்னால் தலை தப்பாது என்று ஆவுடையானுக்குத் தெரியும். மாசிலாமணியார் சொன்னால் தப்பும்.

மறுநாள் சபையில் அவன் கைகட்டி நின்றான். "மகாராஜா, உயிர் போவதற்குமுன் ஒரு விண்ணப்பம். என் வாய்க்கரிசிக்கு நூறு மரக்கால் நெல் அளக்க உத்தரவாக வேண்டும்."

"வாய்க்கரிசிக்கு நூறு மரக்காலா?"

"வாய் கொஞ்சம் பெரிது, மகாராஜா. அதனால்தானே இந்தக் கதி."

உத்தரவானது. களஞ்சியத்தில் இரண்டு மரக்கால்கள் உண்டு. குடிகளிடம் வரி நெல் வாங்கும் மரக்கால் வயிறு பெருத்தது. கூலி கொடுக்கும் மரக்காலுக்கு அடிப்பலகை உயரம். நாட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மாசிலாமணியார் பழக்கதோஷத்தில் கூலி மரக்காலை எடுத்து, சபை நடுவே நூறு எண்ணி அளந்து குவித்தார்.

"வரி மரக்காலால் ஒருமுறை அளந்துவிடுங்கள், ஐயா. சாகிறவன் சந்தேகத்தோடு சாகக் கூடாது."

மகாராஜா தலையசைத்தார். அளந்தார்கள். எண்பத்தெட்டு வந்தது.

"பிரபு," என்றான் ஆவுடையான், "பன்னிரண்டு மரக்கால் குறைகிறது. என்மேல் வந்த பழிகூட நூற்றுக்கு ஏழுதான். அளந்தது ஒரே ஆள். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை."

மாசிலாமணியார் இரண்டு மரக்கால்களையும் தூக்கிக் காட்டினார். "பிரபு, ஒரு மணிகூடப் போகவில்லை. நெல் அப்படியே இருக்கிறது. அது சின்ன மரக்கால், இது பெரிய மரக்கால். எண்தான் குறைந்தது."

"அதையே கொஞ்சம் கணினிப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள், ஐயா. கடைக்காரர் சின்ன மரக்காலால் அளந்து விற்றார். கணினி பெரிய மரக்காலால் அளந்து பார்க்கிறது. டிஸ்க்கில் ஒரு மணிகூடக் குறையவில்லை."

இரண்டு மரக்கால்களிலும் அரச முத்திரை இருந்தது. முத்திரைக்குரியவர் சிம்மாசனத்தில் இருந்தார். வேறு வழியில்லாமல் மகாராஜா சிரித்தார். அவர் நிறுத்திவிட மாட்டார் என்று உறுதியானதும் சபையும் சிரித்தது.

"உன் தலை உனக்கே. நூறு மரக்கால் நெல்லும் உனக்கே."

"எந்த மரக்காலால், மகாராஜா?"

மகாராஜா மாசிலாமணியாரைப் பார்த்தார். "பெரியதால்."

மாசிலாமணியார் இன்னும் பன்னிரண்டு மரக்கால் கொண்டுவந்து கொட்டினார்.

அன்று மாலையே மகாராஜாவின் வீரச்செயல்கள் அனைத்தும், ஒன்றுவிடாமல், ஹார்டு டிஸ்க்கில் ஏற்றப்பட்டன. காலி இடம் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று ஜிபி என்றே திரை காட்டியது.