எச்சம் பார்த்தீங்களா?

மாசிலாமணி சாருக்குத் தலை முழுக்க நரை. விதைப்பண்ணையில பெரிய அதிகாரி. ஆனா அவரோட குரு ஹசீனா மேடத்துக்கு அவர் மக வயசுதான். புள்ளிவிவரக் கணக்குல மேடம் புலி. சார் அவங்க முன்னாடி நாற்காலி நுனியிலதான் உக்காருவாரு.

அன்னிக்கு லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டு ஓடி வந்தாரு.

"மேடம், புது நெல்லு ஜெயிச்சிருச்சு! ஊருக்கு ஊர் மண்ணு வேற, ராசி வேற. அந்த ஊர்க்குணத்தையெல்லாம் ஒதுக்கிட்டு, நெல்லோட குணத்தை மட்டும் பிழிஞ்சு எடுத்துட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த அதே கலப்புக் கணக்கு. விளைச்சல் எகிறுது! லாரியில மூட்டை ஏறிக்கிட்டிருக்கு. நாளைக்கு ஜில்லா பூரா இதான் விதைப்பு."

"சந்தோஷம் சார். அப்புறம் ஏன் வேர்க்குது?"

சார் குரலை இறக்கினாரு. "கணக்கு சரிதானான்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?"

மேடம் நிமிரவே இல்ல. "எச்சம் பார்த்தீங்களா?"

சார் பதறிட்டாரு. தோள்பட்டையைத் தடவினாரு, காலரை இழுத்துப் பார்த்தாரு, திரும்பி முதுகைக் காட்டினாரு. "எங்க மேடம்? காக்காயா?"

மேடத்துக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. "வாங்க, காட்டறேன்."

பண்ணை ஆபீஸ் வாசல்ல சிமெண்டுத் தரை, உச்சி வெயில். தரையில வெள்ளை வெள்ளையா எச்சம். கேட்டுல ஆரம்பிச்சு சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும், ரூல்தடி வச்சு இழுத்தாப்ல ஒரே கோடு.

"பறவை எங்க சார்?"

"ஒண்ணையும் காணோமே."

"அப்ப இந்தக் கோட்டை யாரு போட்டா?"

சார் மெல்ல அண்ணாந்தாரு. தலைக்கு மேல கரண்டுக் கம்பி. வருசக்கணக்கா அதுக்குக் கீழதான் நடந்து போயிருக்காரு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. வாயைப் பொளந்துட்டாரு.

"வாயை மூடிக்கங்க சார், நிக்கற இடம் சரியில்ல."

உள்ள வந்து உக்காந்தாங்க.

"கணக்கு சொன்ன விளைச்சல் ஒண்ணு, வயல் குடுத்தது ஒண்ணு. நடுவுல மிஞ்சுது பாருங்க, அதான் எச்சம். புள்ளியா வைங்க."

வச்சாரு. கடுகு டப்பா கவுந்த மாதிரி சிதறிக் கெடந்துச்சு.

"கோடே இல்ல மேடம்!" சார் குதிச்சாரு.

"மொத்தமாக் கொட்டினா எல்லாம் கடுகுதான். ஊர் ஊராப் பிரிங்க. பழைய நெல்லு தனி, புது நெல்லு தனி. மடைப் பக்கத்து வயல்ல தொடங்கி, தண்ணி கடைசியா வர்ற கடைமடை வயல் வரைக்கும் வரிசையா நிறுத்துங்க."

நிறுத்தினாரு.

பழைய நெல்லோட புள்ளி அப்படியேதான் சிதறிக் கெடந்துச்சு. புது நெல்லுதான், மடையில உச்சியில நின்னுச்சு, போகப் போக இறங்குச்சு, கடைமடையில தரையோட விழுந்து கெடந்துச்சு. முதல் ஊர்ல அப்படி. அடுத்த ஊர்லயும் அப்படியே. எல்லா ஊர்லயும்.

சார் லேப்டாப்புக்குக் கிட்டக்க குனிஞ்சாரு. "தண்ணியைப் பத்தி நான் ஒரு எழுத்துகூடப் போடலியே மேடம்... வாய்க்கால் தானா வந்து நிக்குதே!"

மேடம் கடைமடைப் புள்ளி மேல விரலை வச்சாங்க.

சார் போனை எடுத்தாரு. "ஏப்பா, கடைமடைக்குப் போற மூட்டையெல்லாம் இறக்கு!"

"இப்பத்தான சார் ஏத்தச் சொன்னீங்க?"

"இப்ப இறக்கச் சொல்றேன்ல!"

தண்ணியையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாரு. சாயங்காலம் ஆயிருச்சு. இப்ப எப்படிப் பிரிச்சாலும் கோடு இல்ல, வெறும் சிதறல். ஆனா சாருக்கு மனசு ஆறல.

"மேடம், இன்னும் நாலு சமாச்சாரத்தை உள்ள தள்ளினா, இந்த எச்சத்தைச் சுத்தமாத் துடைச்சிரலாமில்ல?"

வெளிய கம்பி நெறைய குருவி வந்து உக்காந்து கத்திக்கிட்டிருந்துச்சு. மேடம் ஜன்னலைத் திறந்துவிட்டாங்க.

"பறவையே வராத ஊர்ல தரை படு சுத்தமா இருக்கும் சார்."