பெருமரம் பார்க்கப் போனவர்

"அஞ்சு வருசமாச்சுங்கம்மா. உங்க தோட்டத்துல களை எடுத்ததுதான் மிச்சம். பெருசா ஒண்ணையும் நான் கண்டபாடில்லை" என்றார் சென்னியப்பன்.

சிஷ்யருக்கு அறுபத்து மூன்று வயது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குரு மயிலாத்தாளுக்கு நாற்பதுதான். வாயைத் திறப்பதே அபூர்வம்.

"பெருசா என்ன பாக்கணும்?"

"மலை மேல பெருமரக்காடு இருக்குதாமே. அதுல இருக்கறதுலயே பெரிய மரத்தையாவது காட்டுங்க. இல்லீன்னா நாலு மணி பஸ்ல சேலத்துக்குப் போறேன். மக வீட்டோட இருந்துக்கறேன். இனி வரமாட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை. துணிமணியெல்லாம் பையில் கட்டி எடுத்து வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மயிலாத்தாள் ஜீப் சாவியை எடுத்தார்.

அடிவாரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இரண்டு தரம் அசைந்துவிட்டு ஓய்ந்துபோனது. மயிலாத்தாள் ஒரு புகையிலைத் துண்டை நீட்டினார்.

"கண்ணாடியில தேயுங்க. தண்ணி நிக்காம வழிஞ்சிரும்."

முப்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் புகையிலையைத் தொடாதே என்று சொன்ன மனிதர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி நின்று தேய்த்தார். தும்மினார். மறுபடியும் தேய்த்தார்.

காட்டுக்குள் ஜீப் போகாத இடத்தில் இறங்கி நடந்தார்கள். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மழை இன்னும் வலுத்தது. சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எதிரே இருட்டாக ஒரு வாசல்.

"குகைங்க!" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக உள்ளே ஓடினார்.

உள்ளே நாலு பேர் தாராளமாக உட்காரலாம். கதகதப்பாக இருந்தது. சென்னியப்பன் சுவரில் சாய்ந்தார், காலை நீட்டினார், பொட்டலத்தில் இருந்த தக்காளிச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். அப்புறம்தான் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"என் ராசி அப்படிங்க. இத்தனை தூரம் வந்தும் மரம் கண்ணுல படலை. உங்ககிட்ட இருந்த அஞ்சு வருசமும் இதே கதைதான்."

வெளியே மழை கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று.

"நான் போயிடறேனுங்க" என்றார் சென்னியப்பன். போக அவருக்கு மனமில்லை.

"உள்ள வந்ததுக்கப்புறம் உங்க மேல எத்தனை சொட்டு விழுந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

மயிலாத்தாள் அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

சென்னியப்பன் தடவிப் பார்த்தார். நகத்தால் கீறினார். நகம் இறங்கியது. முகர்ந்து பார்த்தார். மர வாசம்.

எழுந்து மழைக்குள் ஓடினார். தலையை நிமிர்த்தினார். இன்னும் நிமிர்த்தினார். தொப்பி விழுந்தது. அந்தச் சுவர் மேலே மேலே போய் மூடுபனிக்குள் மறைந்தது. அதற்கு மேலும் அது போயிருக்க வேண்டும்.

தெப்பமாக நனைந்து, சின்னப் பையனைப் போல் சிரித்துக்கொண்டு உள்ளே வந்து, பழைய இடத்திலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

"மணி மூணாகுது. பஸ்ஸுக்குக் கிளம்பலாமுங்களா?" என்று கேட்டார் மயிலாத்தாள்.

"எந்த பஸ்ஸுங்கம்மா?" என்றார் சென்னியப்பன்.