மூடாத உளி

மரச்சிற்பி குஞ்சரத்துக்கு ஒரே ஒரு சீடர். பெயர் பொன்னுரங்கம். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மரம் செதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றவர். குஞ்சரம் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். அவர் குஞ்சரத்தை "ஆசாரியம்மா" என்பார்.

சாருக்குக் கை நன்றாகவே வந்தது. உளி தீட்டுவதில் குருவையே மிஞ்சினார். தீட்டி முடித்ததும் முன்கை மயிரை உளியால் மழித்துப் பார்த்துக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஒன்றுதான் வரவில்லை. வேலை முடிந்ததும் பன்னிரண்டு உளிகளையும் அப்படியே துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். நடக்க நடக்கப் பைக்குள் டங் டங் என்று மோதிக்கொள்ளும்.

"முனைக்கு உறை போடுங்க சார்."

"போடுறேன் ஆசாரியம்மா."

மறுநாளும் டங் டங்.

பழைய சைக்கிள் டியூபை விரல் நீளத்துக்கு வெட்டிப் பன்னிரண்டு உறைகள் செய்து கொடுத்தார் குஞ்சரம். அவை ஜன்னல் விளிம்பில் கிடந்து வெயிலில் காய்ந்தன.

"உறை எங்கே சார்?"

"இருக்கு. நாளைக்குப் போட்டுடுறேன்."

"ஒண்ணோட ஒண்ணு மோதி முனை போயிடும்."

"போனா என்ன? கால் மணி நேரத்துல தீட்டிடுவேன்."

"தீட்டத் தீட்ட உளி தேயும்."

"தேஞ்சா வேற வாங்கிக்கலாம்."

குஞ்சரம் தலையில் கைவைத்துக்கொண்டார். பொன்னுரங்கத்துக்கும் சலிப்புத்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பென்சில் சீவச் சொல்லிக்கொடுத்தவரிடம், பென்சிலுக்கு மூடி போட்டாயா என்று தினம் தினம் கேட்டால் எப்படி இருக்கும்? மூன்றாவது மாதம் வாய்விட்டே கேட்டார்.

"உறை எதுக்கு ஆசாரியம்மா? உருப்படியா ஒரு காரணம் சொல்லுங்க, போட்டுடுறேன்."

குஞ்சரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க உளி நல்லா இருக்கணும்னுதான்."

"அப்ப அது என் பாடு," என்றார் பொன்னுரங்கம்.

தை மாதம் பக்கத்து ஊர்க் கோயிலில் கதவு வேலை வந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். குஞ்சரம் விடிகாலையிலேயே போய்விட்டார். முகூர்த்த நாள் என்பதால் நிற்கவே இடமில்லை. பொன்னுரங்கம் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்துத் தடுமாறுவதைப் பார்த்து, ஓர் அம்மாள் இருக்கையிலிருந்து கை நீட்டினார்.

"பையைக் கொடுங்க. நான் வச்சுக்கிறேன்."

கொடுத்தார். அந்த அம்மாள் அதை மடியில் வைத்து, குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டார்.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். அந்த அம்மாள் மெல்ல "ஸ்" என்றார். பையின் அடி சிவப்பாக நனைந்தது.

பொன்னுரங்கம் பையை வாங்கினார். துணியைக் கிழித்துக்கொண்டு வந்திருந்த உளியை உருவி, வெளிச்சத்தில் தூக்கி முனையைப் பார்த்தார். முனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் பொன்னுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது கட்டைவிரலுக்குக் கீழே நாலு தையல். அம்மாளின் பெயர் மெகருன்னிசா. தையல்காரர். காலடியில் இருந்த மூட்டையில், அடுத்த வாரக் கல்யாணத்துக்குத் தைக்க வேண்டிய பதினோரு ரவிக்கைத் துணிகள் இருந்தன. பத்து நாளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக்கூடாது என்றார் டாக்டர்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானம் கோயிலுக்கு வந்து சேர்ந்த பொன்னுரங்கம் நடந்ததைச் சொன்னார். முனையைப் பார்த்ததையும் மறைக்கவில்லை. குஞ்சரம் திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை.

"நாளைலேருந்து இங்கே வராதீங்க. அவங்க வீட்டுக்குப் போங்க."

"நான் போய் என்ன பண்ண? எனக்குத் தைக்கத் தெரியாதே."

"கோடு போட்டுக் கொடுத்தா அதுமேல வெட்டத் தெரியுமில்ல?"

"அவங்க உள்ளே விடலைன்னா?"

"வாசல்ல நில்லுங்க சார். எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

முதல் நாள் வாசலில்தான் நின்றார். உச்சி வெயில் வரைக்கும் மெகருன்னிசா ஏனென்று கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்துவிட்டார். இடது கையால் கோணல்மாணலாகச் சாக்பீஸ் கோடு போட்டார், பொன்னுரங்கம் வெட்டினார், மெஷினில் உட்கார்ந்து தைத்தது மெகருன்னிசாவின் நாத்தனார்.

"தையலுக்குத் துணி விடணும் சார். கோட்டோட வெட்டிட்டீங்களே."

"தெரியலம்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னேன்."

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தொரு வயதில் ஒரே பேச்சை இரண்டு முறை கேட்கும்படி ஆயிற்று.

ஐந்தாம் நாள்தான் அதைக் கவனித்தார். கத்தரிக்கோலை நீட்டும்போதெல்லாம், மெகருன்னிசா அதன் முனையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, பிடியை அவர் பக்கம் காட்டினார். மிச்சமிருந்தது அந்த ஒரு நல்ல கைதான்.

"ஏம்மா, முனையை நீங்க பிடிச்சுக்கிறீங்க?"

"கொடுக்கிறது நான்தானே சார்?" இதுகூடவா தெரியாது என்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த துணியை விரித்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பதினோரு ரவிக்கைகளும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் பொன்னுரங்கம் கோயிலுக்கு வந்தார். நடந்து வரும்போது பையில் சத்தமே இல்லை. கித்தான் துணியில் தானே அளந்து வெட்டி, அந்த நாத்தனாரிடம் கேட்டு மடித்துத் தைத்த பன்னிரண்டு உறைகளைக் குருவின் முன்னால் வரிசையாக வைத்தார். குஞ்சரம் ஒன்றை எடுத்து அடித் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

பொன்னுரங்கத்துக்கு மனசு ஆறவில்லை.

"ஆசாரியம்மா, அன்னைக்கு உறை எதுக்குன்னு கேட்டேன். உளிக்காகன்னு சொன்னீங்க. அடுத்தவங்க கையில குத்தும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. போட்டிருப்பேனே."

குஞ்சரம் உளியைத் தட்டக் கையில் வைத்திருந்த கொட்டாப்புளியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எதுமேல ஆசையோ அதைச் சொன்னேன் சார். அதுக்கே நீங்க போடலை."