இருபத்தோரு பெப்பர்மின்ட்

“காலேஜ் திறக்க இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு மேடம். அதுக்குள்ள உங்க கடையில ஒரு வேலை தாங்களேன்.”

திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் நின்று இப்படிக் கேட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. கடையை நடத்திய ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு. நான் அவளை மேடம் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள். வேடிக்கைதான்.

“காலேஜ்லதான் எல்லாம் சொல்லித் தருவாங்களேக்கா. இப்பமே என்ன அவசரம்?”

“பார்மசி கிளாஸ்ல கூட இருக்கப்போறதெல்லாம் இப்பதான் பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளைங்க. அதுங்க முன்னால நான் திருதிருன்னு முழிக்கக் கூடாதுல்லா?”

“அது சரி. இந்த வயசுல மருந்துப் படிப்பு எதுக்கு?”

நல்ல கேள்வி. கொட்டித் தீர்த்துவிட்டேன்.

“எங்க அப்பா பிரஷர் மாத்திரையைப் போடாமத்தான் செத்தாவ. அவுங்க போனப்புறம் டிரங்குப் பெட்டியத் தொறந்தா, வேட்டி மடிப்புக்குள்ள அத்தனை மாத்திரையும் ஒளிச்சு வச்சிருக்காவ. கேக்கும்போதெல்லாம் போட்டாச்சு, போட்டாச்சுன்னு பொய். நாலு வருசமாச்சு, எனக்கு இன்னும் கோவம் ஆறல. அழுகைகூட வரல. உங்க கடைக்கு வாற ஒருத்தரையும் அப்படி விடமாட்டேன் மேடம். உலுக்கி எடுத்துருவேன்.”

“உலுக்குவீங்களா?”

“பின்னே?”

ஜெசிந்தா மேசை மேலிருந்த மிட்டாய் பாட்டிலைத் திறந்தாள். பெப்பர்மின்ட் இருபத்தொன்றை எண்ணி, மாத்திரை போடும் காகித உறையில் போட்டாள். உறை மேல் பேனாவால் எழுதினாள்: காலை 1, மதியம் 1, இரவு 1. சாப்பிட்ட பிறகு.

“ஏழு நாள். ஒழுங்கா போட்டுட்டு வாங்க, வேலை தாரேன்.”

“மிட்டாயா?”

“மிட்டாயேதான்.”

வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதைவிட லேசாக யாருக்கு வேலை கிடைக்கும்?

இரண்டு நாள் கரெக்டாகப் போட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டேன். இரவில் இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டினேன்.

நான்காம் நாள் தங்கச்சி மகன் அழுதான். அவனுக்கும் ஒன்று.

ஐந்தாம் நாள் ஒரு கல்யாணம். மூன்று வேளையும் மறந்தே போச்சு.

ஆறாம் நாள் இரண்டு போட்டதும் அந்த வாசனையே குமட்டியது. நல்லாத்தானே இருக்கேன், இது என்ன தண்டனை என்று உறையை மூடி வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் காலை உறையைக் கவிழ்த்தேன். ஆறு மிட்டாய் உருண்டு வந்தது.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் வேலை போச்சு. போகட்டும், என்னைவிட ஏழு வயது இளையவள் முன்னால் தலைகுனிந்து நிற்கணுமே, அதுதான் மானக்கேடு. தூர எறியவும் மனசு வரவில்லை. கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, வெறும் உறையோடு கிளம்பினேன்.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. மருந்துக்கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. ஜெசிந்தா மஸ்கட்டில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் பண்ணுவாள். ஆனால் பெப்பர்மின்ட் வாசனை எங்கே வந்தாலும் நான் அந்தக் காலை வெயிலில், அந்த மருந்துக்கடை வாசலில் போய் நின்றுவிடுகிறேன்.

“என்னக்கா, எல்லாம் போட்டீங்களா?”

“போட்டாச்சு, போட்டாச்சு.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அதே அவசரம். அதே மாதிரி ரெண்டு தரம்.

வெறும் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, அப்பா, அப்பா என்று அழுதேன்.

ஜெசிந்தா கடைக்கு உள்ளே போகும் தடுப்புப் பலகையைத் தூக்கி, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அவள் ஸ்டூலில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“மிச்சத்தை எங்கக்கா வச்சிருக்கீங்க?”

“பீரோவுல,” என்றேன். “சேலை மடிப்புக்குள்ள.”