எதிரே வரும் எறும்பு ஏன் நிற்கிறது

அந்தக் காலத்தில், எறும்புக்கும் வாய் பேசத் தெரிந்த நாளில், எதிரெதிரே வரும் எறும்புகள் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. முன்னால் போகிறவன் பின்னாலேயே போவதுதான் முறை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போகிறவன் சடையன். அவனுக்குத் தெரியாத வழியே கிடையாதாம். யார் சொன்னது? அவனேதான் சொன்னான்.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தது. மேட்டில் இருக்கிற பழைய புற்றுக்குப் போகலாம் என்றான் சடையன். மூக்காயியும் அவள் தங்கைகளும் ஆளுக்கொரு முட்டையைக் கவ்விக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்கள்.

பாதி வழியில் எதிரே ஒரு பொடி எறும்பு ஓடி வந்தாள். மேட்டுப் புற்றை நேற்றே கலப்பை கிளறிப் போட்டுவிட்டது, போகாதீர்கள் என்று வரிசை நெடுகக் கத்திக்கொண்டே போனாள். தனக்குத் தெரியாததா இந்தப் பொடிசுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று சடையன் நடந்தான். மூக்காயியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேட்டில் புற்று இல்லை. உழுத மண்தான் கிடந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. தங்கைகளின் முட்டைகள் மூக்காயியின் கண்ணெதிரே வெள்ளத்தோடு போயின. மிஞ்சியது அவள் வைத்திருந்த ஒன்றுதான்.

அதை ஒரு மண்கட்டி மேல் இறக்கிவிட்டு, அவள் சடையன் முன்னால் போய் நின்றாள்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் தலையில இருக்கிற கிரீடம் இறங்கிடுமா? கடைசியா எப்ப இங்க வந்தே?”

“போன மழைக்கு,” என்றான் அவன்.

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? என்றைக்கோ பார்த்ததை வைத்துக்கொண்டு இத்தனை பேரையும் இழுத்து வந்திருக்கிறான் பாவி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்க வாயெடுத்தாள். எடுத்தவளுக்கு அந்தப் பொடி எறும்பின் முகம் நினைவுக்கு வந்தது. நின்று என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்டாளா இவள்? கோபம் அப்படியே இவள் மேலேயே திரும்பியது.

“எனக்கும் ஒண்ணும் தெரியாது,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

முட்டையைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். எதிரே முன்பின் தெரியாத ஓர் எறும்பு வந்தது. வழியை மறித்து நின்றாள். முட்டையைக் கீழே வைத்தால் வெள்ளம் கொண்டுபோய்விடும், வாய் திறக்க முடியாது. அதனால் தன் உணர்கொம்புகளால் அதன் முகத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்: எனக்கு வழி தெரியவில்லை, உனக்கு என்ன தெரியும்?

அது ஒரு பனைமரத்தைக் காட்டியது. வேரடியில் மண் காய்ந்து கிடந்தது. அந்த ஒரு முட்டை பிழைத்தது.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமாகப் போனாலும், வாயில் எவ்வளவு பாரம் இருந்தாலும், எதிரே வருகிற ஒவ்வோர் எறும்பின் முன்னாலும் எறும்பு நிற்கிறது. முகம் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் போகிறது.