மேலே போன கல்

வற்றிய ஏரியின் நடுவில் பறவைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. வானத்தில் ராஜாளி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கூடுகளுக்கு மத்தியில் இருந்த மண்மேட்டில் குரங்குகள் கல்லோடு காவல் இருந்தன.

குரங்குகளின் தலைவன் கிழட்டுக் கடுவன். கரும்பாறையிலிருந்து கற்களைச் சுமந்துவந்து மேட்டில் குவித்துவைத்தது அவன் கூட்டம்தான். வானத்தைப் பார்க்கிற வேலை ஆட்காட்டிக் குருவிக்கு. ராஜாளி தெரிந்ததும் அவள் முட்டைகளை விட்டு எழுந்து ஓடுவாள். ஒரு மண்கட்டியின் மேல் ஏறி நின்று கத்துவாள். உடனே கற்கள் மேலே பறக்கும்.

அந்த ஏரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்காட்டி கத்தியதும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ராஜாளியின் நிழல் கண் வழியாக உள்ளே இறங்கி உயிரைக் குடித்துவிடும் என்று அங்கே ஒரு பயம். கத்தி முடித்ததும் ஆட்காட்டியும் கண்ணை மூடிக்கொள்வாள். குரங்குகள்கூட அண்ணாந்து, இறுக மூடிய கண்ணோடுதான் எறிந்தன.

சற்று நேரம் ‘தப், தப்’ என்று ஒரு சத்தம் வரும்.

“அது என்னம்மா?” என்று குஞ்சுகள் கேட்கும்.

“நிழல் நடந்து போகிறது. பேசாதே!” என்று தாய்கள் சொல்லும்.

பிறகு ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் பெரிய சிறகு ஒன்று காற்றைத் தள்ளும். கண்ணைத் திறந்தால் ஏதோ ஒரு கூடு காலியாகியிருக்கும். சில சமயம் குஞ்சு அங்கேயே செத்துக் கிடக்கும். அதன் உடம்பில் ஒரு நகக்கீறல்கூட இருக்காது.

ஒரு நாள் பக்கத்துக் கூட்டுக் கௌதாரியின் குஞ்சு அப்படிக் கிடந்தது.

“அக்கா, நீ இன்னும் முன்னாலேயே கத்தியிருக்கக் கூடாதா?” என்று அவள் அழுதாள். “தூங்கிவிட்டாயா?”

ஆட்காட்டி தூங்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. அன்றிலிருந்து அவள் வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலே கத்தினாள். கடுவனும் கூடுதலாகக் கல் எறிய உத்தரவிட்டான். இன்னும் அதிகமான குஞ்சுகள் செத்தன.

ஒரு மாலை அவள் கத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வயிற்றின் கீழ் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து பார்த்தாள். இரண்டு முட்டைகள் உடைந்து மண்ணோடு கிடந்தன. ஒன்று முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கருங்கல். ஏரிக் கூழாங்கல் அல்ல, பாறைக் கல். அவளுடைய சூட்டை வாங்கிக்கொண்டு அது வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் அவள் கத்தினாள். கண்ணை மூடவில்லை.

கற்கள் எழுந்தன. ராஜாளி இருந்த உயரத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. ஒரு நொடி வானத்தில் தயங்கி நின்றன. பிறகு, ஒவ்வொன்றாக, கூடுகளை நோக்கித் திரும்பி வந்தன. தப். தப். கடைசிக் கல் விழுந்தபின் ராஜாளி இறங்கியது. யாரோ உலுக்கிவிட்டுப் போன மரத்தடியில் பழம் பொறுக்குவதுபோல, கண்மூடிக் கிடந்த பறவைகளுக்கு நடுவே நடந்து, செத்த குஞ்சு ஒன்றைக் கொத்திக்கொண்டு பறந்தது.

ஆட்காட்டி மேட்டுக்கு ஓடினாள்.

“கடுவனாரே! உங்கள் கல் எங்கள் தலையில் விழுகிறது!”

“என் கல் மேலே போவது! கீழே எதற்கு வரும்?” என்றான் கடுவன்.

“கண்ணைத் திறந்து எறிந்து பாருங்கள்!”

“நிழல் என் கண்ணில் இறங்கவா? நல்ல ஆளம்மா நீ! காவலும் வேண்டும், காவல்காரனையும் ஏச வேண்டும்!” குரங்குகள் சிரித்தன. “போ, போய் உன் தொண்டையைப் பார்த்துக்கொள்!”

அவள் திரும்பி வந்து, மிஞ்சிய முட்டையின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே குஞ்சு ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் உச்சிவெயிலில் ராஜாளி வந்தது. அவள் பார்த்தாள். கத்தவில்லை.

ராஜாளி வந்தது தெரியாமல் ஏரி கண்விழித்துக் கிடந்தது. குரங்குகள் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. நிழல் மண்ணின் மேல் வழுக்கி வந்தது. கௌதாரியின் மேல் ஏறியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்காட்டியின் மேல் ஏறியது. கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். குஞ்சு தட்டுவதை நிறுத்தவில்லை.

நிழல் போனது. திரும்பி வந்தது. இம்முறை பெரிதாக இருந்தது. மேலே பார்த்தாள். வயதான ராஜாளி. நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. அது இன்னும் தாழ்ந்து வந்து, அவள் தலைக்கு மேலேயே மிதந்தபடி, மெதுவாக, கெஞ்சுவதுபோலக் கேட்டது:

“ஏன் தாயே, இன்றைக்குக் கூப்பிடவில்லை?”

அவள் முட்டையின் மேல் சிறகை விரித்து மூடினாள்.

“கூப்பிடு, தாயே. பசிக்கிறது.”

அந்தக் குரல் ஏரி முழுவதும் கேட்டது. பறவைகள் ஒன்றை ஒன்று பார்த்தன. பேன் பார்த்த கைகள் அப்படியே நின்றன.

“இப்போது எறியுங்கள் கடுவனாரே!” என்று அவள் கத்தினாள். “கண்ணைத் திறந்து! ஒரே ஒரு கல்!”

கடுவன் வாழ்நாளில் முதல்முறையாகக் கண் திறந்து எறிந்தான். கல் ராஜாளியின் சிறகில் பட்டது. இரண்டு இறகுகள் உதிர்ந்தன. அது தள்ளாடிக் கரையைத் தாண்டிப் போனது. பிறகு அந்த ஏரிப் பக்கம் வரவே இல்லை.

குரங்குகள் மேட்டை விட்டு வெளிக்கரைக்குக் குடிபெயர்ந்தன. அங்கிருந்து எறிந்தால் கல் எந்தக் கூட்டின் மேலும் விழாது. ஆட்காட்டியின் ஒற்றைக் குஞ்சு மாலையில் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. கௌதாரி அதைப் பார்க்க வந்தாள். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

வானத்தைப் பார்த்துக் கல் எறிகிறவர்கள், அது எங்கே வந்து விழும் என்பதைக் கண் திறந்து பார்த்துவிட்டு எறிய வேண்டும்.