ஆறு கிழமை மெழுகு

நோர்வேயின் வடக்கே ஒரு சின்ன ஊரில் புவனேந்திரன் பேருந்து ஓட்டினார். காலையில் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறும் சனத்தை மலையடியில் இறக்கிவிடுவார். பின்னேரம் அவர்களையே ஏற்றி வருவார். போகும்போது வாய் திறக்காதவர்கள், வரும்போது கன்னம் சிவந்து, உடுப்பெல்லாம் நனைந்து, உரத்துச் சிரித்துக்கொண்டு வருவார்கள். இருபத்து மூன்று வருடமாக அவர் அதை முன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் பனிக்கும் ஒத்துவராது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதமே தபாற்கந்தோர் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். அன்றிலிருந்து, பனி விழத் தொடங்கினால் முட்டைமேல் நடப்பவர்போல நடப்பார்.

ஐம்பத்தேழாவது வயதில், ஒரு ஐப்பசிக் காலை, அவருக்கு என்ன பிடித்ததோ தெரியாது. ஓடும் பேருந்தில் ஒலிவாங்கியை எடுத்தார்.

"இந்த முறை பனி கரைய முன்னம், நானும் மேலே இருந்து சறுக்கி வருவேன்" என்று அறிவித்தார்.

பேருந்தே கைதட்டியது. வீட்டில் மனைவி தவமலர் கைதட்டவில்லை. "ஆயுள் காப்புறுதிக் கடதாசி எல்லாம் எங்க வைச்சிருக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார்.

மலையில் சறுக்கப் பழக்குகிறவள் சிந்துஜா. வயது இருபத்தெட்டு. சின்னப் பிள்ளையாக அவருடைய பேருந்தில்தான் மலைக்குப் போய் வந்தவள். புவனேந்திரன் அவளிடம் போய்ச் சேர்ந்தார். முதல் நாளே "ரீச்சர்" என்று கூப்பிட்டார்.

"சிந்து எண்டே கூப்பிடுங்கோ, மாமா."

"படிப்பிக்கிற ஆளை அப்பிடிக் கூப்பிட ஏலாது, ரீச்சர்."

மாசி மாதம் வரும்போது சின்னச் சரிவில் அவரால் நிற்க முடிந்தது. திரும்ப முடிந்தது. விழாமல் நிறுத்தவும் முடிந்தது. அதெல்லாம் இரவல் பலகையில். பழைய சாமான் சந்தையில் தனக்கென்று வாங்கிய நீலப் பலகையை அவர் இன்னும் பனியில் வைக்கவில்லை.

"பெரிய இறக்கம் எப்ப, ரீச்சர்?"

"உங்கட பலகையை வீட்டில ஆயத்தப்படுத்திக்கொண்டு வாங்கோ. ஆயத்தமான அண்டைக்குப் போவம்."

பனியில் தடையில்லாமல் ஓடப் பலகையின் அடியில் மெழுகு பிடிக்கவேண்டும். எப்படிச் செய்வது என்று காட்ட அவளே அவருடைய குசினிக்கு வந்தாள். இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே பலகையைக் குப்புறக் கிடத்தினாள். அடிப்பக்கத்தைத் துடைத்தாள். பழைய அயன்பெட்டியைச் சூடாக்கி, அதில் மெழுகுக்கட்டியை அழுத்தினாள். மெழுகு சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. பிறகு அயன்பெட்டியை ஓரிடத்திலும் நிறுத்தாமல் நுனியிலிருந்து வால்வரை மெதுவாக ஓட்டினாள். ஆறவிட்டாள். ஆறியதும் மேலே படிந்து நின்ற மெழுகைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுத்து, தூரிகையால் தேய்த்தாள். கடைசியாக, இரண்டு பக்கத்து இரும்பு விளிம்பையும் அரத்தால் கூராக்கினாள்.

"இவ்வளவுதான், மாமா."

தவமலர் எட்டிப் பார்த்தார். "என்ர சட்டையைக்கூட இந்த மனுசன் ஒருநாளும் இப்பிடி அயன் பண்ணித் தந்ததில்லை."

"இனித்தான் பழகப் போறார், மாமி" என்றாள் சிந்துஜா.

முதல் சனிக்கிழமை புவனேந்திரன் பலகையைத் துவாயில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனார். சிந்துஜா அடிப்பக்கத்தை விரலால் தடவினாள்.

"இந்த இடத்தில அயன்பெட்டி நிண்டிட்டுது, மாமா. சூடு கூடிப் போச்சு."

"அப்ப ஆயத்தமில்லை?"

"இல்லை."

"சரி ரீச்சர்!" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம், இரண்டாம் கிழமை, மெழுகைச் சரியாக வழிக்கவில்லை என்றாள். மூன்றாம் கிழமை ஒரு பக்க விளிம்பு மொட்டை என்றாள். நான்காம் கிழமை, கடுங்குளிருக்கான மெழுகைப் பூசியிருந்தார், வெளியிலோ பனி இளகத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் கிழமை தூரிகையைக் குறுக்கே தேய்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்து வீடு திரும்பினார். குசினி முழுக்க மெழுகுத் தூள். சோற்றில்கூட மெழுகு மணக்கிறது என்றார் தவமலர். பேருந்தில் ஏறியவர்கள் "இன்னும் இல்லையா?" என்று கேட்டார்கள். "பலகை ஆயத்தமில்லை" என்று பெருமையாகச் சொன்னார்.

ஆறாம் கிழமை பங்குனி முடிந்துவிட்டது. வெயில் ஏறியிருந்தது. மலையடியில் அங்கங்கே புல் தெரிந்தது. அடுத்த நாளோடு, உச்சிக்கு ஏற்றிப்போகும் கயிற்றூர்தியை இந்த வருடத்துக்கு நிறுத்தப் போகிறார்கள்.

சிந்துஜா பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கவிழ்த்தாள். நிமிர்த்தினாள். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு, மாமா. ஒரு பிழையும் இல்லை."

புவனேந்திரன் பலகையை வாங்கித் தானும் கவிழ்த்துப் பார்த்தார்.

"வடிவாப் பாத்தனீங்களோ, ரீச்சர்?"

"ஓம்."

"இல்லை, இஞ்ச பாருங்கோ. வால் பக்கம். சின்னப் பிசிர் ஒண்டு நிக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். "ஓம், நிக்குது."

"அப்ப நான் இதை வீட்டுக்குக் கொண்டுபோய்..."

சிந்துஜா அவரை முடிக்க விடவில்லை. தன் பலகையை அவர் கையில் கொடுத்தாள். அவருடையதை வாங்கி இடுக்கிக்கொண்டாள். நேரே நடந்துபோய், நகர்ந்து வந்த கயிற்றூர்தி நாற்காலியில் ஏறி அமர்ந்தாள். நாற்காலி மேலே கிளம்பிவிட்டது.

"ரீச்சர்! அது என்ர பலகை!"

அவள் திரும்பிக் கையசைத்தாள்.

ஆறு கிழமை அயன் பண்ணிய பலகை ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. புவனேந்திரன் யோசிக்கவில்லை. பின்னால் வந்த நாற்காலியில் ஏறிக் குந்தினார். முன்னால் தெரிந்த நீலப் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாதி வழி போன பிறகுதான் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே பைன் மரங்களின் உச்சிகள் தெரிந்தன. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மடியில் கிடந்தது சிந்துஜாவின் பலகை. வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் அதையே பார்த்தார். அடி முழுக்கக் கீறல். இரண்டிடத்தில் உருக்கி ஒட்டிய தழும்பு. விளிம்பில் கொஞ்சம் துருகூட இருந்தது.

மேலே அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், உங்கட பலகையில இவ்வளவு பிழை! எப்பிடி இதில போறீங்கள்?"

"ஏறி நிண்டு, மாமா."

பலகைகளை மாற்றிக்கொண்டார்கள். புவனேந்திரன் கீழே பார்த்தார். இத்தனை வருடமும் பேருந்து நிறுத்தத்தில் நின்று அண்ணாந்து பார்த்த உச்சி இது. இப்போது அந்த நிறுத்தம் அடியில், நெருப்புப்பெட்டி அளவில் கிடந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு பேருந்து. அவருக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

"பயமா இருக்கோ?"

"ஓம் ரீச்சர். நல்லாப் பயமா இருக்கு."

"வேணுமெண்டா நாற்காலியிலையே திரும்பிக் கீழ போகலாம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு பனியில் குந்தி, சப்பாத்தைப் பலகையில் பூட்டினார். இரண்டு முறை பூட்டவேண்டி வந்தது.

"நான் பக்கத்திலயே வருவன்" என்றாள் சிந்துஜா.

எழுந்தார். பலகை தானாகப் புறப்பட்டது. அவ்வளவு வழுவழுப்பாக அது ஓடும் என்று அதைத் தேய்த்தவரே நினைக்கவில்லை. முதல் திருப்பத்தில் விழுந்தார். எழுந்தார். இரண்டாவது திருப்பம் வந்தது. அதில் விழவில்லை. காற்று காதுக்குள் ஊதியது. "ஐயோ! ஐயோ!" என்று கத்தினார். கொஞ்ச தூரத்தில் அதே "ஐயோ" ஒரு கூச்சலாக, கொண்டாட்டமாக மாறிவிட்டது. கல் ஒன்றில் பலகை கிரீச்சிட்டது. விழுந்து, உருண்டு, வாயில் நிறையப் பனியோடு எழுந்தார். கீழே யாரோ அவரை அடையாளம் கண்டு விசிலடித்தார்கள். சக சாரதி பேருந்தின் ஒலிப்பானை விடாமல் அழுத்தினார்.

ஐந்தாவது தடவையாக விழுந்தபோது அவர் மலையடிக்கு வந்து சேர்ந்திருந்தார். கன்னம் சிவந்து, உடுப்பெல்லாம் நனைந்து, உரத்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

சிரித்து ஓய்ந்ததும் பலகையைக் கழற்றித் திருப்பினார். மினுக்கம் முழுக்கப் போயிருந்தது. அடி வெளிறி, வறண்டு, நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கல் கீறிய கோடு இருந்தது. அதை விரலால் தடவினார்.

"ரீச்சர், ஆறு கிழமை ஊத்தித் தேய்ச்ச மெழுகு. துளி மிச்சமில்லை. எல்லாம் எங்க போனது?"

சிந்துஜா மலையைப் பார்த்தாள். உச்சியிலிருந்து ஒரு தடம் கோணல்மாணலாக இறங்கி வந்தது. அதில் அவர் விழுந்த ஐந்து பள்ளங்கள்.

"அந்தா, மாமா. மேலே இருந்து கீழ வரைக்கும் இருக்கு."